மெய்விவாகம் என்னும் பாதிரிக் கலியாணம்

கத்தோலிக்க சிநேகிதர் வீட்டுக் கலியாணத்திற்கு அழைப்பு வந்திருக்கிறது; சுயமரியாதைக்காரனாகிய நான் போகலாமா, போனால் அங்கு என்னென்ன நடக்கும், எல்லோரும் முழங்காற்படியிடும்போது நானும் இடவேண்டுமா என்று தோழர்கள் சிலர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அதே தபாலில் கையெழுத்தில்லாத ஒரு கடிதமும் வந்திருக்கிறது. "பார்ப்பானைக் கண்டால் பாய்கிறீர்கள், பாதிரியைக் கண்டால் பதுங்குகிறீர்கள், ஐயர் ஓதுவது மட்டுந்தான் உங்கள் காதுக்குக் கசக்குமோ?" என்பது அதன் சாரம். இரண்டிற்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறோம். கையெழுத்துப் போடப் பயந்தவருக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை நமக்கில்லை என்றாலும், அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

முதலாவது, தாராளமாகப் போங்கள். சிநேகிதன் வீட்டுச் சந்தோஷத்திற்குப் போவது சடங்கிற்குப் போவதாகாது. அங்கு யாரும் உங்களை முழங்காற்படியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தமாட்டார்கள். மற்றவர்கள் எழும்போது மரியாதைக்காக எழுந்து நின்றால் போதும். அவர்கள் மண்டியிடும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். கிராமத்துக் கோயிலானால் செருப்பை வாசலில் விடவேண்டியிருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் தலையை மூடியிருப்பார்கள். கடைசியில் அப்பம் வாங்க வரிசை நிற்கும்போது நீங்கள் அதில் போய் நிற்கவேண்டாம். அது அவர்களில் ஞானஸ்நானம் பெற்று, பாவசங்கீர்த்தனமும் செய்தவர்களுக்கு. விருந்துதான் உங்களுக்கு, அது பிறகு வரும். ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையில் ஏதேனும் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

இவ்வளவுதான் விஷயமென்றால் நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். அங்கு நடப்பதை ஒவ்வொன்றாகக் கவனித்து, இது ஏன், இது யார் வைத்தது என்று கேட்டுக்கொண்டே வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறோம்.

கலியாணம் கோயிலில் நடப்பதற்கு முன்னாலேயே கோயிலுக்குள் வந்துவிடுகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் மெய்விவாகம் நடக்க இருக்கிறது, விக்கினம் ஏதேனும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டியது என்பது அதன் கருத்து. விக்கினம் என்றால் என்ன? ஏற்கனவே கலியாணமானவனா, ரத்த சம்பந்தமுடையவர்களா என்பது போன்றவை. முதல் கேள்வி நல்ல கேள்விதான். மோசம் போகிற பெண்களைக் காப்பாற்றக்கூடியது. ஆனால் இந்த ரத்த சம்பந்த விக்கினத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்பது நம் நாட்டில் உரிமைப் பெண். ரோமாபுரிச் சட்டப்படி இந்த மூன்றும் விலக்கப்பட்ட சம்பந்தம். சரி, விலக்கென்றால் கலியாணம் நிற்கிறதா? இல்லை. மேற்றிராணியாருக்கு மனுப்போட்டு, அவர் அநுமதி கொடுத்துவிட்டால் விலக்கு நீங்கிவிடுகிறது. நேற்று வரையில் கூடாத சம்பந்தம் ஒரு காகிதம் வந்ததும் புனித சம்பந்தமாகிவிடுகிறது! இது கடவுள் சட்டமல்ல, திருச்சபைச் சட்டந்தான், ஆகையால் விலக்கு அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமுண்டு என்று பதில் சொல்லுவார்கள். நல்லது. 1215-ம் வருஷம் வரையில் ஏழாவது தலைமுறை வரைக்கும் விலக்கு, அந்த வருஷம் கூடிய லாத்தரன் சங்கம் அதை நான்காகக் குறைத்தது, 1917-ல் மூன்றாயிற்று, 1983-ல் இன்னும் குறைந்தது. ஆக மனிதன் போட்டான், மனிதன் குறைத்தான், மனிதன் காகிதம் கொடுத்து நீக்குகிறான் என்பதை அவர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். நெருங்கிய ரத்தத்தில் கலப்பதால் பிள்ளைகளுக்கு நோய் வரக்கூடும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுவது வேறு சங்கதி. அந்த நோய் மேற்றிராணியார் கையெழுத்தைப் பார்த்துப் பயந்து ஓடப்போவதில்லை.

வயது விஷயமும் அப்படியே. 1983-ல் எழுதின சட்டத்திலுங்கூடப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 16 ஆனால் கலியாணம் செல்லும் என்றுதான் 1083-வது பிரிவில் இருக்கிறது. இங்கு பெண்ணுக்கு 18 ஆகாமல் கோயிலில் கலியாணம் நடக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் நம் சர்க்கார் சட்டமேயொழிய போப்பின் சட்டம் அல்ல.

நாள் பார்ப்பதில்லை, ஜாதகம் பார்ப்பதில்லை என்று கத்தோலிக்க நண்பர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுவார்கள். ஜாதகம் பார்க்கக்கூடாதென்பது உண்மைதான். அதற்காக நாம் அவர்களைப் பாராட்டவுஞ் செய்வோம். ஆனால் நாள்? ஆடியில் கலியாணம் கூடாது, மார்கழியில் கூடாது என்று சொல்லும் ஐயரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், தவசுகாலத்தில் தங்கள் வீட்டில் கலியாணம் வைத்துப் பார்க்கட்டும்! 1563-ம் வருஷத்துத் திரிதெந்தீன் சங்கமே, ஆகமன காலத்திலும் தவசுகாலத்திலும் ஆடம்பரக் கலியாணம் கூடாது என்று அடைத்துவிட்டது. இன்றைய சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. பெரிய வெள்ளியும் அதற்கு அடுத்த சனியுந்தான் முழுத் தடை. ஆனாலும் நம் ஊர்களில் சாம்பல் புதனுக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் எத்தனை கத்தோலிக்கக் கலியாணம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆகமன காலம் கார்த்திகை, மார்கழியிலேயே வருவதால், ஐயரும் பாதிரியும் ஒரே சமயத்தில் கடையை அடைத்துக்கொள்ளுகிறார்கள்.

இனி கோயிலுக்குள் போவோம்.

மாப்பிள்ளை ஒரு தோழனுடனும், பெண் ஒரு தோழியுடனும் பீடத்தின்முன் வந்து நிற்பார்கள். பாட்டு ஆனதும் வேதத்தில் சில பகுதிகள் வாசிக்கப்படும். அநேகமாக ஆதாமின் விலாவெலும்பிலிருந்து ஸ்திரீயை உண்டாக்கின கதையும், அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதின நிருபமும் வரும். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிந்திருக்க வேண்டும், ஏனென்றால் புருஷன் அவளுக்குத் தலை என்பது அதன் சாரம். புருஷன் மனைவியை நேசிக்கவேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒருத்திக்குக் கீழ்ப்படிதலும் ஒருவனுக்கு நேசமும் என்று பங்கு பிரித்ததைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். எஜமானனும் வண்டிமாட்டை நேசிக்கத்தான் செய்கிறான்.

பிறகு பிரசங்கம். குடும்ப வாழ்க்கையின் இன்ப துன்பங்களைப் பற்றியும், புருஷன் மனைவியிடமும் மனைவி மாமியாரிடமும் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியும் சுவாமியார் விஸ்தாரமாகப் பேசுவார். அவருக்கோ கலியாணம் கூடாது. குருக்கள் செய்துகொள்ளும் கலியாணம் செல்லாது என்று 1139-ம் வருஷத்து லாத்தரன் சங்கம் தீர்த்துவிட்டது. தண்ணீரிலே இறங்கவே கூடாது என்று சத்தியம் செய்துகொண்டவர் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்! கானாவூர்க் கலியாணத்தையும் தவறாமல் எடுத்துச் சொல்லுவார். இயேசு போயிருந்தாராம், திராட்சரசம் தீர்ந்துபோயிற்றாம், தண்ணீரை ரசமாக்கினாராம். கதை எப்படியானாலும் ஆகட்டும். அந்தக் கதைப்படிக்கே இயேசு அங்கு புரோகிதம் செய்யப் போகவில்லை. விருந்தாளியாகப் போனார், உங்களையும் நம்மையும் போல. யார் மந்திரம் சொல்லி அந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்தார்கள் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பெயர்கூட இல்லை.

பிரசங்கம் முடிந்ததும் நடப்பதைத்தான் தோழர்கள் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். சுவாமியார் இருவரையும் பார்த்துக் கேட்பார்: பலவந்தமில்லாமல் மனப்பூர்வமாக வந்திருக்கிறீர்களா? சாகும்வரை ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பீர்களா? பிள்ளைகளை ஏற்று நம் வேதத்தில் வளர்ப்பீர்களா? மூன்றாவது கேள்வி பிறக்காத பிள்ளைக்குப் பிறக்குமுன்னரே மதத்தைப் பூட்டுகிற கேள்வி, அதை விடுங்கள். அதன்பின் இருவரும் வலது கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை தன் வாயால், பெண் தன் வாயால், எல்லோருக்கும் கேட்கும்படி, நலத்திலும் நோயிலும் கைவிடாமல் வாழ்க்கைத்துணையாக ஏற்றுக்கொள்ளுகிறேன் என்று சொல்லுவார்கள்.

இதை நாம் குறை சொல்லமாட்டோம். நம் கையெழுத்தில்லா நண்பர் நம்பமாட்டார், ஆனாலும் சொல்லுகிறோம்: ஐயர் வைத்து நடத்தும் கலியாணத்தில், பெண் தலையைக் குனிந்து புகையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அவளைப் பசுவைப் போலத் தானம் கொடுப்பார்கள்; அதுவும் அவளுக்குப் புரியாத பாஷையில். இங்கோ பெண் வாய் திறந்து பேசுகிறாள். தமிழில் பேசுகிறாள். "மாட்டேன்" என்று சொன்னால் கலியாணம் நின்றுவிடும் என்பது சட்டம். இந்த ஒரு விஷயத்தில் கத்தோலிக்கக் கலியாணம் புரோகிதக் கலியாணத்தைவிட யோக்கியமானது.

ஆனால் அந்தச் சட்டம் அதோடு நிற்கவில்லை. கத்தோலிக்க தோழர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாத, தெரியாமலே வைத்திருக்கிற சங்கதி அதற்குமேல்தான் இருக்கிறது. கத்தோலிக்க மதத்தில் தேவதிரவிய அநுமானங்கள் ஏழு. பூசை செய்யவும் பாவம் மன்னிக்கவும் சுவாமியார் வேண்டும்; குருப்பட்டம் கொடுக்க மேற்றிராணியார் வேண்டும். மெய்விவாகத்தைக் கொடுப்பவர் யார்? சுவாமியார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணுந்தான் அதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளுகிறார்கள். லத்தீன் முறைத் திருச்சபையின் பழைய போதனை இது. 1992-ல் வெளியான அவர்கள் பெரிய ஞானோபதேச நூலில் 1623-வது பத்தியில் அச்சடித்தே இருக்கிறது. சுவாமியார் அங்கு நிற்பது திருச்சபையின் பேரால் சம்மதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சாட்சியாக. கலியாணத்தை உண்டாக்குவது இருவர் வாயிலிருந்து வந்த சம்மதமே. தீர்த்தமுமல்ல, தூபமுமல்ல, சுவாமியார் தூக்கின கையுமல்ல.

இதைத்தானே நாம் சொல்லுகிறோம்! 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஐயரில்லாமல் கலியாணம் நடந்த நாள் முதல், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுகிறோம் என்று இருவர் பலர் முன்னிலையில் சொன்னால் அதுவே கலியாணம் என்றுதானே இயக்கம் சொல்லி வந்திருக்கிறது? அதற்காக நம்மை நாஸ்திகர், குடிகெடுப்பவர் என்று திட்டாத பாதிரி உண்டா?

சரித்திரத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1563 வரையில், குருவும் இல்லாமல் கோயிலும் இல்லாமல், ஓர் ஆணும் பெண்ணும் தாங்களே சம்மதம் சொல்லிக்கொண்டால் அது உண்மைக் கலியாணம் என்று ரோமாபுரியே ஒப்புக்கொண்டிருந்தது. அப்படி நடப்பது பாவம் என்றது. ஆனால் செல்லாது என்று சொல்லவில்லை. சொல்ல வழியில்லை, ஏனென்றால் அதன் போதனையே சம்மதந்தான் கலியாணம் என்பது. ரகசியமாகக் கட்டிக்கொண்டு பிறகு இல்லையென்று மறுத்து வேறொருத்தியைக் கட்டுகிறவர்கள் பெருகிப்போனார்கள் என்ற காரணத்தால், 1563 நவம்பரில் திரிதெந்தீன் சங்கம், இனிமேல் பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாத கலியாணம் செல்லாது என்று விதி செய்தது. பதிவு ஆபீஸ் இல்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆயிரத்தைந்நூறு வருஷம் சாட்சிக்குங்கூடக் கட்டாயமில்லாதிருந்த குரு, ஒரு தீர்மானத்தினால் கட்டாயமானார். 1983-ம் வருஷத்துச் சட்டத்திலும் 1116-வது பிரிவு பாக்கியிருக்கிறது: குருவைப் பெரும் கஷ்டமில்லாமல் அடைய முடியாது, ஒரு மாதம் வரையில் முடியாது என்று தெரிந்தால், இரண்டு சாட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு கலியாணம் செய்துகொள்ளலாம், செல்லும். ஒரு மாதம் பாதிரியார் இல்லாவிட்டால் செல்லுகிற கலியாணம், அடுத்த தெருவில் பாதிரியார் இருந்தால் ஏன் செல்லாமற்போகிறது? இதில் அறிவு எங்கே இருக்கிறது, ஆதிக்கம் எங்கே இருக்கிறது என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

முந்திய சடங்கில், சம்மதம் கேட்டபின் குருவானவர் தானே அவர்களை இணைத்து வைப்பதாக லத்தீனில் சொல்லுவார். 1969-ல் சடங்கைத் திருத்தினபோது அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். தாங்கள் இணைப்பதில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துபோயிற்று போலும்.

அதே திரிதெந்தீன் தீர்மானத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகள் செய்துகொண்ட கலியாணம் செல்லாது என்று எவன் சொல்லுகிறானோ அவன் சபிக்கப்பட்டவன் என்கிறது. தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு பங்குக் கோயில் வாசலிலும் எழுதி மாட்டினால் என்ன? ஏன் மாட்டுவதில்லை என்பதற்கு நாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன், நமக்குத் தெரிந்த ஓர் ஊரில், ஒரே கோயிலில் ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்ற இருவர் கலியாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். பையன் உபாத்தியாயர், கீழத்தெருவில் இருக்கும் ஆதிதிராவிட கிறிஸ்தவர். பெண் கோயில் தெருவைச் சேர்ந்தவள். இருவரும் வயது வந்தவர்கள். ரத்த சம்பந்தமில்லை, முந்திய கலியாணமில்லை. புஸ்தகத்தில் உள்ள விக்கினங்களில் ஒன்றுகூட இல்லை. ஓலை வாசிக்கும்படி கேட்டார்கள். முதலில் ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும் என்றார்கள், கொண்டுவந்தார்கள். கலியாணத் தயாரிப்பு வகுப்புக்குப் போகவேண்டும் என்றார்கள்; போய் வந்தார்கள். கோயில் வரி பாக்கி என்றார்கள், கட்டினார்கள். பிறகு, பெண்ணின் தகப்பனார் ஆசீர்வாதமில்லாமல் எப்படி என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள், அந்த ஓலை வாசிக்கப்பட்டால் இந்த வருஷத் திருவிழாவுக்குத் தேர் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள் என்பதுதான் உண்மை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் நம்மிடம் வந்தார்கள். 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி, முப்பது நாள் நோட்டீசு ஒட்டி, ரிஜிஸ்தர் ஆபீசில் கலியாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து மூன்றில் ஒன்று நம்முடையது. மாலை மாற்றிக்கொண்டார்கள், காப்பி சாப்பிட்டோம், அரை மணியில் முடிந்தது.

சர்க்காருக்கு அவர்கள் புருஷனும் மனைவியும். கோயிலுக்கோ அது கலியாணமே அல்ல, பாவ வாழ்க்கை. ஓலை வாசிக்க மறுத்தவர்கள் பாவிகளல்ல. வாசிக்கக் கேட்டுக் காலில் விழுந்தவர்கள் பாவிகள்! அந்தப் பெண் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாள். போகவேண்டாமென்று நாம் சொன்னதில்லை. அவள் நம்பிக்கை அவளுக்கு. நன்மை வாங்கும் வரிசை எழும்போது அவள் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இது ஏதோ ஓர் ஊர்ச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் வேளாளருக்கு ஒரு பக்கமும் நாடாருக்கு ஒரு பக்கமுமாக, ஒருவரையொருவர் பாராமல் பீடத்தை மட்டும் பார்க்கும்படி, நடுவில் சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள். அந்தச் சுவர் 1910-ல்தான் இடிந்தது. இடித்ததற்காகக் கோர்ட்டு வரையில் போய் வழக்காடினார்கள் உயர்ந்த ஜாதிக் கிறிஸ்தவர்கள். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அறிக்கை வந்து இத்தனை வருஷமாயிற்று. நம் நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் ஆதிதிராவிட மக்கள். அந்த மக்களுக்கும் மற்றத் தெருக்களுக்கும் நடுவில் எத்தனை ஓலை வாசித்தார்கள் என்று ஒவ்வொரு பங்கும் தன் கலியாணப் புஸ்தகத்தைத் திறந்து காட்டட்டும்.

மறுபடி பீடத்தின் முன் வருவோம். சம்மதம் சொல்லி முடிந்ததும், அவர்கள் சட்டப்படியே கலியாணம் முடிந்தது. ஆனால் கோயிலிலிருக்கும் ஒருவரும் முடிந்ததாக நினைக்கமாட்டார்கள். கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எதற்கு? தாலிக்கு! தட்டில் தாலி வரும். சுவாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். மாப்பிள்ளை கட்டுவான். சிலுவையோ புறாவோ அதில் இருக்கும். ரோமாபுரியில் தாலி இல்லை. வேதத்தில் தாலி இல்லை. ஏழு தேவதிரவிய அநுமானத்திலும் தாலி இல்லை. பின் எப்படி வந்தது?

ராபர்ட் தெ நொபிலி என்னும் பாதிரியார் 1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, பூணூல் போட்டுக்கொண்டு, தன்னை ரோமாபுரி ஐயர் என்று சொல்லிக்கொண்டு, உயர்ந்த ஜாதிக்காரர்களைப் பிடிக்க ஆரம்பித்தார். அவர் வழியில் வந்தவர்கள் நம் ஊர்ச் சடங்குகளை அநேகமாக அப்படியே விட்டுவைத்தார்கள். போப்பின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர் இதையெல்லாம் விசாரித்து 1704-ல் ஓர் உத்தரவு போட்டார். கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் உள்ள தாலியைக் கட்டக்கூடாது. நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. கலியாணத்தில் சகுனத்திற்காகத் தேங்காய் உடைக்கக்கூடாது. இவ்வளவு சொன்னவர், தாலியே கூடாதென்று சொன்னாரா? அதுதான் இல்லை. பிள்ளையாரை எடுத்துவிட்டுச் சிலுவையையோ மாதா சுரூபத்தையோ வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்றார்! இதற்காக நாற்பது வருஷம் ரோமாபுரியில் சண்டை. 1744-ல் போப் 14-வது ஆசீர்வாதப்பர் முடிவு கட்டினார். அந்த முடிவிலேயே, ஆதிதிராவிடர்களுக்கு என்று தனிப் பாதிரிகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கீகாரமாயிற்று. பிள்ளையார் போனார், தாலி இருந்தது, ஜாதி இருந்தது.

மோதிரமாவது இப்போது இருவரும் மாற்றிக்கொள்ளுகிறார்கள். முந்திய ரோமாபுரிச் சடங்கில் அதுவும் பெண்ணுக்கு மட்டுந்தான். தாலி இன்றைக்கும் பெண்ணுக்கு மட்டுந்தான். இவன் கலியாணமானவன் என்பதற்கு மாப்பிள்ளை கழுத்தில் ஓர் அடையாளம் வேண்டாமா என்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப்பாருங்கள். சிரிப்பாரேயொழிய பதில் சொல்லமாட்டார்.

பூசையின் நடுவில், இருவரையும் மண்டியிடச் செய்து, ஒரு விசேஷ ஆசீர்வாதம் சொல்லுவார்கள். இப்போது அது இருவருக்கும் பொது. முன்பு அது பெரும்பாலும் பெண்ணை உத்தேசித்ததாகவே இருந்தது. ராக்கேலைப் போலவும் ரெபேக்காளைப் போலவும் சாராளைப் போலவும் அவள் இருக்கவேண்டும் என்பது. இதில் நம் தோழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 1917-ம் வருஷத்துச் சட்டத்தின் 1143-வது பிரிவுப்படி, இந்த ஆசீர்வாதத்தை ஒரு தடவை பெற்ற பெண், விதவையாகி மறுபடி கலியாணம் செய்துகொண்டால் இரண்டாந்தடவை அதைப் பெறக்கூடாது. மனைவியை இழந்தவன் கன்னிப்பெண்ணைக் கட்டினால் தடையில்லை! விதவை மறுமணத்தை நாங்கள் தடுத்ததில்லை என்பார்கள். தடுக்கவில்லைதான், அதை ஒப்புக்கொள்ளுகிறோம். கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவள் வரும்போது மட்டும் விளக்கை அணைத்தார்கள். பிறகு வந்த சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை.

பூசை முடிந்ததும் புஸ்தகம் வரும். மாப்பிள்ளை, பெண், இரண்டு சாட்சிகள், சுவாமியார் கையெழுத்துப் போடுவார்கள். 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி சர்க்காருக்குக் கணக்கு இது. அந்தச் சட்டத்திலேயே பாதிரி இல்லாமல் விவாகப் பதிவாளர் முன்னால் கிறிஸ்தவர்கள் கலியாணம் செய்துகொள்ளவும் வழியிருக்கிறது. எத்தனை பேருக்கு அது சொல்லப்படுகிறது? 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சுயமரியாதைக் கலியாணத்தைச் சட்டமாக்கிற்று. ஆனால் அது ஹிந்து விவாகச் சட்டத்தில் சேர்த்த பிரிவாகையால், கத்தோலிக்க வாலிபன் ஒருவன் மேடையில் மாலை மாற்றிக்கொண்டால் செல்லாது. ஒருவனுக்குச் செல்லுகிற சம்மதம் இன்னொருவனுக்கு ஏன் செல்லக்கூடாது? எல்லா மதத்தாருக்கும் அதை விரிக்கவேண்டும் என்று சட்டசபையிலுள்ள நம் நண்பர்கள் கேட்கவேண்டும்.

கட்டியது சரிப்படாமற்போனால் என்ன கதி என்பதையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி, மனைவி சோரம் போனாள் என்று காட்டினால் கிறிஸ்தவப் புருஷனுக்கு விடுதலை. மனைவிக்கோ புருஷன் சோரம் போனான் என்று மட்டும் காட்டினால் போதாது, கொடுமையோ கைவிட்டதோ சேர்த்துக் காட்டவேண்டும். இந்த அநியாயம் 2001-ல் பார்லிமெண்டு திருத்துகிறவரையில் புஸ்தகத்தில் இருந்தது. கோர்ட்டு விடுதலை கொடுத்தாலும் கோயில் ஒப்புக்கொள்ளாது. கோயில் நியாயசபை, கலியாணம் ஆதியிலேயே செல்லாதது என்று தீர்ப்புச் சொன்னாலும் சர்க்காருக்கு அது செல்லாது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆகவே ஒரே கலியாணத்திலிருந்து விடுபட ஏழைப் பெண் இரண்டு கோர்ட்டுப் படி ஏறவேண்டும்.

இனி விருந்து. பட்டணமானால் கேக்கு வெட்டுவார்கள், வாழ்த்துப்பா வாசிப்பார்கள். கிராமமானால் நேரே இலை போடுவார்கள். மொய் எழுதுகிறவர் வாசலிலேயே இருப்பார். நன்றாகச் சாப்பிடுங்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் கண்டு, நீங்கள் இருவரும் சொன்ன வார்த்தைதான் உங்களைச் சேர்த்தது, இது உங்கள் மதமே சொல்லுவது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். சுவாமியார் பக்கத்தில் இருந்தால் அவர் முன்னாலேயே சொல்லுங்கள். அவர் படித்தவர், மறுக்கமாட்டார்.

ஆனால் கீழத்தெருக்காரருக்கு என்று தனிப் பந்தி போட்டிருப்பதைக் கண்டால், கை நனைக்காமல் எழுந்துவிடுங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், என்றைக்கு நடந்தது என்று ஒரு கார்டு நமக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். பிரசுரிக்கிறோம்.